செயின்சா ஓவர்ஹால்: பெட்ரோல் குழாயும் அதோடு மாற்ற வேண்டிய பாகங்களும் தேர்ந்தெடுப்பது எப்படி

பழைய பெட்ரோல் குழாயைக் கழற்றி சிங்கப்பூரின் ஜாலான் புசார் கடைக்குக் கொண்டுபோய், "இதே மாதிரி ஒரு முழம் குடுங்க" என்று கேட்பதுதான் செயின்சா ஓவர்ஹாலில் அதிகம் நடக்கும் தவறு. அந்தக் குழாய் மாதக்கணக்கில் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். இல்லாவிட்டால் காய்ந்து சுருங்கி விறைத்திருக்கும். இரண்டிலும் அது காட்டும் அளவு பொய். அளக்க வேண்டியது குழாயை அல்ல, குழாய் செருகப்பட்டிருந்த இரண்டு இடங்களை: கார்புரேட்டரின் நிப்பிள், டேங்கின் துளை. இந்த இரண்டு அளவும் கையில் இருந்தால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் சரியா தவறா என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

ஒரு சின்னக் குழாய்க்கு இவ்வளவு கவனம் எதற்கு? செயின்சாவில் பெட்ரோல் தானாக இறங்கி வருவதில்லை. பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையான கிராங்க்கேஸில், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பு கார்புரேட்டரில் உள்ள பம்ப் டயஃப்ரத்தை (மெல்லிய சவ்வை) ஆட்டுகிறது, அது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் வழியில் ஊசிமுனை அளவு வெடிப்பு இருந்தால் போதும், பெட்ரோலோடு காற்றும் சேர்ந்து போகும். பெட்ரோல் வெளியே ஒழுகாது என்பதால் கண்ணுக்கும் தெரியாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது, சூடும் ஏறியது. சில நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் பிஸ்டன் சிலிண்டரில் உரசிப் பிடித்துக்கொள்ளும். சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் புகை வெளியேறும் பக்கம் செங்குத்தாகக் கீறியிருந்தால் பெட்ரோல் அல்லது எண்ணெய்ப் பற்றாக்குறை என்று முதலில் சந்தேகப்படுங்கள். காற்று நுழையும் பக்கம் தேய்ந்து மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தக் குழாய்கள் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம், வெயிலைவிட அதிகமாக, பயன்படுத்தாமல் வைப்பதுதான். அதிகாலையில் சுமத்ரா புயல்காற்று அடித்து அங்சானா கிளை சாலையில் விழுந்தால் இயந்திரம் வெளியே வரும். வேலை முடிந்ததும் அரை டேங்க் பெட்ரோலோடு லாரிப் பெட்டியிலோ கொள்கலனிலோ வாரக்கணக்கில் கிடக்கும். மூடிய பெட்டிக்குள் வெப்பம் வெளியே இருப்பதைவிட எவ்வளவோ அதிகம். பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாக நிற்கும். குழாயை இளக்கமாக வைத்திருக்கும் பொருளும் மெல்ல மெல்லப் பெட்ரோலில் கரைந்து வெளியேறும். பிறகு குழாய் வளைக்கும்போது நொறுங்கும்.

வாங்குவதற்கு முன்

முதலில் மாடலை உறுதி செய்யுங்கள். ஸ்டில் செயின்சாவில் பாக எண்ணின் முதல் நான்கு இலக்கம் அந்தத் தொடரைக் குறிக்கும்: எம்எஸ் 170, 180 என்றால் 1130; எம்எஸ் 210, 230, 250 என்றால் 1123; எம்எஸ் 440, 460 என்றால் 1128; எம்எஸ் 380, 381 என்றால் 1119. கடைக்காரர் நீட்டும் பொட்டலத்தில் வேறு நான்கு இலக்கம் இருந்தால் உடனே கேளுங்கள். சில பாகங்கள் பல தொடருக்குப் பொதுவானவை, ஆனால் டேங்க் குழாய் பெரும்பாலும் அப்படி இல்லை. ஹஸ்க்வர்னாவில் ஒன்பது இலக்க எண் இருக்கும், மாடல் பெயரையும் தயாரிப்பு ஆண்டையும் சொல்லிக் கேட்பது சுலபம். இணையத்தில் விற்கும் 52, 58 சிசி பெயரில்லா இயந்திரங்களுக்குப் பாக எண்ணே கிடையாது. அங்கே அளவு மட்டும்தான் வழிகாட்டி.

அடுத்து, உண்மையில் எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் மாற்றுவது ஓவர்ஹால்தான், ஆனாலும் காரணம் தெரியாமல் மாற்றினால் அதே கோளாறு மீண்டும் வரும். ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடி நின்றுபோகிறதா? டேங்க் மூடியைத் திறக்கும்போது "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆனால் டேங்க் வென்ட் (டேங்குக்குள் காற்று விடும் சிறு வழி) அடைத்திருக்கிறது, குழாயைக் குறை சொல்ல வேண்டாம். இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது வேகம் மாறுகிறதா? கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட் வெடித்திருக்கலாம், அல்லது டேங்கில் குழாய் குட்டையாக இருக்கலாம். ஆக்சிலரேட்டரை விட்டபின் வேகம் உடனே இறங்காமல் தொங்கினால் எங்கோ காற்று கசிகிறது. நின்றிருக்கும்போதே பெட்ரோல் நிரம்பி வழிந்தால் அது கார்புரேட்டரின் ஊசி வால்வு.

குழாய்தானா என்று தீர்மானிக்கக் கைப்பம்ப் வேண்டும், அழுத்தமும் வெற்றிடமும் இரண்டையும் காட்டக்கூடியது. ஃபில்டரை உருவி அந்த முனையை ஒரு சிறிய போல்ட்டால் அடையுங்கள். கார்புரேட்டர் பக்க முனையில் பம்பை மாட்டி 0.5 பார் அழுத்துங்கள். பம்பின் மீட்டர் ஊசி இறங்கினால் கசிவு உண்டு. டேங்குக்கு வெளியே உள்ள பகுதியில் சோப்புநீர் தடவினால் குமிழி எங்கே என்று தெரியும். பெரும்பாலும் அது டேங்கிலிருந்து வெளியே வரும் கழுத்திலோ, நிப்பிளில் ஏறும் கடைசி ஒரு சென்டிமீட்டரிலோ இருக்கும்.

எந்தப் பொருளில் செய்த குழாய்

மஞ்சள் நிறத்தில் ஊடுருவிப் பார்க்கும்படி இருப்பது டைகான். பெட்ரோலுக்கான அசல் வகை எஃப்-4040-ஏ; குழாயின் மேலேயே அந்த எண் அச்சிட்டிருக்கும். எழுத்து எதுவும் இல்லாத மஞ்சள் குழாயும் சந்தையில் நிறைய உண்டு. அது மஞ்சள் சாயம் போட்ட சாதாரண பிவிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். டைகானின் நல்ல குணம், இளக்கமாக இருப்பதால் செருகுவது சுலபம், உள்ளே பெட்ரோல் ஓடுவதும் காற்றுக்குமிழி வருவதும் கண்ணால் தெரியும். கெட்ட குணம், அதுவும் அடிப்படையில் பிவிசிதான், காலப்போக்கில் விறைக்கும். அது தாங்கும் மேல்வெப்பம் சுமார் 74 டிகிரி செல்சியஸ். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இது போதும், சிலிண்டருக்குப் பக்கத்தில் போதாது.

கறுப்பு நைட்ரைல் ரப்பர் விலை குறைவு, நிப்பிளை நன்றாகப் பிடிக்கும். பல கம்பெனிகள் வார்த்துத் தரும் குழாய்களும் இதே வகைதான். உள்ளே தெரியாது என்பதுதான் குறை. எஃப்கேஎம் எனப்படும் விட்டான் வகை ரப்பர் வெப்பத்துக்கும் எத்தனாலுக்கும் எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும். விலை பலமடங்கு. தினமும் ஓடும் இயந்திரத்துக்குக் கறுப்பு ரப்பர் வார்ப்புக் குழாயே போதும். மாதத்தில் ஒருநாள் எடுத்து மற்ற நாளெல்லாம் பெட்ரோலோடு நிற்கும் இயந்திரத்துக்குத்தான் விட்டானுக்குக் காசு செலவழிப்பது நியாயம்.

எது கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவசரத்துக்கு இவைதான் கைக்குக் கிடைக்கும். மீன்தொட்டிக் குழாயும் மருத்துவமனை டிரிப் குழாயும் சில வாரத்தில் கண்ணாடிபோல் விறைக்கும். சிலிகான் குழாய் இன்னும் மோசம்: பார்க்க அழகாக, கையில் மென்மையாக இருக்கும். ஆனால் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, நிப்பிளிலிருந்து தானாகவே வழுக்கிக் கழன்றுவிடும். கம்ப்ரசர் வேலைக்கு வரும் நீலக் குழாய் நிப்பிளைப் பிடிக்காத அளவுக்குக் கடினம்.

அளவு

வெர்னியரால் கார்புரேட்டர் நிப்பிளின் பருத்த பகுதியை அளங்கள். குழாயின் உள்விட்டம் அதைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். நிப்பிள் 3 மிமீ என்றால் 2.5 மிமீ குழாய். டேங்கின் துளைக்குள் வெர்னியர் சரியாக நுழையாது. அதற்கு டிரில் பிட்டைப் பயன்படுத்துங்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள பிட்டுகளின் மழமழப்பான காம்புப் பக்கத்தை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். அழுத்தாமல் போகும் மிகப் பெரிய பிட்தான் துளையின் அளவு. குழாயின் வெளிவிட்டம் அதைவிடச் சற்றே பெரிதாக இருந்தால்தான் துளை குழாயை இறுக்கிப் பிடித்துக் கசிவில்லாமல் அடைக்கும். துளை 4.5 மிமீ என்றால் 4.8 அல்லது 5 மிமீ குழாய். 6 மிமீ குழாயை அதில் திணித்தால் உள்ளே நசுங்கி வழி குறுகிவிடும், முழு வேகத்தில் மட்டும் பெட்ரோல் போதாமல் தடுமாறும். மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது என்பதால் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே பல நாள் ஆகும்.

கடைகளில் இரண்டு முறை அளவு கலந்து கிடக்கும். மில்லிமீட்டரில் 2 × 3.5, 2.5 × 5, 3 × 5, 3 × 6. அங்குலத்தில் 3/32 × 3/16, அதாவது 2.4 × 4.8 மிமீ; 1/8 × 3/16, அதாவது 3.2 × 4.8 மிமீ, 1/8 × 1/4, அதாவது 3.2 × 6.4 மிமீ. முதல் எண் உள்விட்டம், இரண்டாவது வெளிவிட்டம். 2.5 × 5 குழாயும் 3/32 × 3/16 குழாயும் கையில் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் வெளியே 0.2 மிமீதான். கார்புரேட்டர் பக்கம் இரண்டும் பொருந்தும். டேங்க் துளையில் ஒன்று இறுகும், மற்றது ஒழுகும். சுவரின் தடிமனையும் கணக்குப் போடுங்கள்: 2.4 × 4.8 குழாயின் சுவர் 1.2 மிமீ, 3.2 × 4.8 குழாயின் சுவர் 0.8 மிமீதான். மெல்லிய சுவர் வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். இடம் நெருக்கமான சிறிய இயந்திரத்தில் தடித்த சுவரே நல்லது.

கேபிள் டை போட்டுத்தான் குழாய் நிப்பிளில் நிற்கிறது என்றால் அளவு தவறு. டேங்க் துளையைச் சுற்றிப் பசை பூசித்தான் ஒழுகாமல் இருக்கிறது என்றாலும் அளவு தவறு. பெட்ரோலுக்கு அந்தப் பசை எதுவும் நிற்காது, உதிர்ந்து ஃபில்டரில் போய் அடைக்கும்.

வார்த்த குழாயா, வெட்டி எடுக்கும் குழாயா

ஸ்டில், ஹஸ்க்வர்னாவின் பல மாடல்களில் டேங்க் துளை பெரியது. அதில் நேர்க்குழாய் போகாது. விளிம்பும் பள்ளமும் வைத்து வார்த்த ரப்பர் குழாய்தான் டேங்க் சுவரைக் கவ்விப் பிடிக்கும். இதற்கு மாற்று கிடையாது, மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். பெயரில்லா இயந்திரங்களிலும் புல்வெட்டிகளிலும் டேங்க் வாயில் இரண்டு மூன்று துளையுள்ள ரப்பர் அடைப்பான், அதாவது குரோமெட் இருக்கும், குழாய்கள் அதன் வழியாகப் போகும். அங்கே குழாயோடு குரோமெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். விறைத்த குரோமெட்டில் புதுக் குழாய் போட்டுப் பயனில்லை.

மீட்டர் கணக்கில் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு இயந்திரத்துக்கு அரை மீட்டர் தாராளம். சுருளாக மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில் ஒரு வருடம் தொங்கிய குழாய், பெட்ரோலையே பார்க்காவிட்டாலும் புதியது அல்ல.

குழாயோடு சேர்த்து வாங்க வேண்டியவை

ஃபில்டரைக் கேட்காமலே மாற்றுங்கள். அதன் எடை முக்கியம். இயந்திரத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஃபில்டர் பெட்ரோல் இருக்கும் பக்கம் விழ வேண்டும். எடையில்லாத மலிவு ஃபில்டர் குழாயின் விறைப்பிலேயே அந்தரத்தில் நிற்கும். அதன் நிப்பிளும் குழாயின் உள்விட்டத்துக்கு ஒத்து வர வேண்டும்; 2.5 மிமீ குழாயில் 4 மிமீ நிப்பிளைத் திணித்தால் சில வாரத்தில் குழாய் அந்த இடத்தில் நீளவாக்கில் கிழியும்.

டேங்க் வென்ட் காற்றை உள்ளே விட வேண்டும், பெட்ரோலை வெளியே விடக் கூடாது. சோதனை எளிது: டேங்கில் 0.5 பார் அழுத்தினால் ஊசி அசையாமல் நிற்க வேண்டும், வெற்றிடம் ஏற்றினால் நிற்காமல் தானாகவே சமனாகிவிட வேண்டும். இரண்டில் எது தவறினாலும் வென்ட்டை மாற்றுங்கள், ஊசியால் குத்திச் சரிசெய்ய முயல வேண்டாம். முதல் சோதனையில் தவறினால் மூடியின் ஓ-ரிங்கையும் பாருங்கள், சில நேரம் குற்றவாளி அதுதான்.

கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் இம்பல்ஸ் குழாய் எல்லா மாடலிலும் தனியாக இருக்காது, சிலவற்றில் அந்தத் துடிப்பு ரப்பர் பூட்டிலேயே உள்ள துவாரம் வழியாகப் போகும். தனியாக இருந்தால் அதற்கு ஒருபோதும் மஞ்சள் டைகான் போடாதீர்கள். அது சிலிண்டரை ஒட்டி ஓடுவது. சூட்டில் இளகி, வெற்றிடத்தில் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் சூடேறியதும் நின்று, ஆறினால் ஓடும் மர்மக் கோளாறுகளில் பாதிக்கு இதுதான் விடை. மாடலுக்கென வார்த்த தடித்த ரப்பர் குழாயை வாங்குங்கள்.

ரப்பர் பூட்டை வளைத்து, மடிப்பின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிரைமர் பல்ப் உள்ள இயந்திரத்தில் இரண்டு குழாய். ஃபில்டர் உள்ளது கார்புரேட்டரின் உள்வழிக்குப் போகும். கார்புரேட்டரின் மற்ற முனையிலிருந்து பல்புக்கும், பல்பிலிருந்து டேங்குக்கும் போவது திரும்பும் குழாய், அதில் ஃபில்டர் கிடையாது. பல்பில் எந்த முனை உறிஞ்சுவது, எந்த முனை தள்ளுவது என்று ஐயம் வந்தால் முனையில் விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். காற்று வெளியேறும் முனைதான் டேங்குக்கு. மாற்றி மாட்டினால் எத்தனை முறை அழுத்தினாலும் பல்ப் நிரம்பாது. கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

கார்புரேட்டருக்கு முழு புதுசு வாங்குவதைவிட கிட் (உள்பாகத் தொகுப்பு) வாங்குவதே புத்திசாலித்தனம், உடல் அரிக்கப்படாமல் இருந்தால். கார்புரேட்டரின் மேல் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். செயின்சா மாடலைச் சொல்லி வாங்கினால் தவறும், ஒரே மாடலில் இரண்டு மூன்று கார்புரேட்டர் வந்திருக்கும். வால்ப்ரோ, ஸாமா இரண்டும் கார்புரேட்டர் கம்பெனிகள். வால்ப்ரோவில் கே என்று தொடங்கும் கிட்டில் ஊசி, லிவர், ஸ்பிரிங் எல்லாம் இருக்கும், டி என்று தொடங்குவதில் டயஃப்ரமும் கேஸ்கெட்டும் மட்டும். ஸாமாவில் அதேபோல் ஆர்பி முழு கிட், ஜிஎன்டி டயஃப்ரமும் கேஸ்கெட்டும். குழாய் விறைத்துப் போன இயந்திரத்தில் டயஃப்ரமும் விறைத்திருக்கும். காதருகே வைத்து மெல்ல வளைத்தால் தாள்போல் சலசலக்கும். அதையும் மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றுவது அரை வேலை.

ஸ்பார்க் பிளக்கையும் இதோடு மாற்றிவிடுங்கள். ஹஸ்க்வர்னா 365, 372 இரண்டுக்கும் என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ, இடைவெளி 0.5 மிமீ.

மாட்டும் முறை

வேலையைத் திறந்த இடத்தில் செய்யுங்கள். வீவக வீட்டுச் சமையலறையோ தாழ்வாரமோ பெட்ரோல் டேங்கைத் திறக்கும் இடமல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து சாமி விளக்குவரை போகும்.

1. டேங்கைக் காலி செய்து, கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். இரண்டு முறை. கறுப்புத் துகள் வருவது நின்றால் போதும். பழைய பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்து மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. மூடியுள்ள உலோகக் கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள்.

2. பழைய குழாயை டேங்கின் உள்பக்கமிருந்து உருவுங்கள். நொறுங்கினால் துண்டுகளை எண்ணிச் சேர்த்துப் பாருங்கள். உள்ளே ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் அது புது ஃபில்டரைத் தேடிப் போகும்.

3. துளையின் விளிம்பை விரலால் தடவுங்கள். பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் எடுங்கள், துளையைப் பெரிதாக்காமல்.

4. புதுக் குழாயின் முனையை ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குச் சரிவாக, எழுதுகோல் முனைபோல் வெட்டுங்கள். துளி இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். வெளியிலிருந்து துளைக்குள் செலுத்தி, நிரப்பும் வாய் வழியாக நீள மூக்குக் குறடால் கூர்முனையைப் பிடித்து இழுங்கள். முறுக்கி இழுக்காதீர்கள், சுருண்டபடியே உள்ளே நின்றுவிடும். வார்த்த குழாய் என்றால் பெருவிரலால் விளிம்பை அழுத்தி, பள்ளம் டேங்க் சுவரில் சுற்றிலும் உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

5. சரிவாக வெட்டிய பகுதியை முழுவதும் நறுக்கி எறியுங்கள். நிரப்பும் வாய்க்கு வெளியே இழுத்து ஃபில்டரை மாட்டுங்கள், பிறகு உள்ளே விடுங்கள்.

6. நீளத்தைச் சரிபாருங்கள். ஃபில்டர் டேங்கின் நான்கு மூலைக்கும் எட்ட வேண்டும், ஆனால் எந்த மூலையிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது. இயந்திரத்தைக் கையில் தூக்கி எல்லாப் பக்கமும் திருப்பிக் குலுக்குங்கள். ஃபில்டர் டேங்கில் "டக் டக்" என்று விழும் சத்தம் ஒவ்வொரு பக்கத்திலும் கேட்க வேண்டும்.

7. வெளிப்பக்கம் கார்புரேட்டருக்குப் போகும் பகுதி, அதிர்வுக்கு ஆடும் அளவுக்குக் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். டேங்கும் கைப்பிடியும் ஒரே துண்டாக ரப்பர் மேல் ஆடும் மாடல்களில், இறுக்கமாக இழுத்து மாட்டிய குழாய் நிப்பிளிலேயே அறுந்துபோகும்.

கார்புரேட்டர் கிட்டில் வரிசை மாறுவதுதான் பெரும் தொல்லை. மீட்டரிங் பக்கத்தில் (லிவர் உள்ள பக்கம்) உடலை ஒட்டி முதலில் கேஸ்கெட், அதன் மேல் டயஃப்ரம். பம்ப் பக்கத்தில் உடலை ஒட்டி முதலில் டயஃப்ரம், அதன் மேல் கேஸ்கெட். வால்ப்ரோ டபிள்யூடி, ஸாமா சி1க்யூ வகைகளில் பெரும்பாலும் இப்படித்தான். இருந்தாலும் கழற்றும்போது இருந்த வரிசையைப் படம் எடுங்கள். லிவரின் உயரம் ஸாமாவில் பெரும்பாலும் அறையின் தளத்தோடு சமமாக இருக்கும். வால்ப்ரோவுக்கு 500-13 என்ற அளவுத் தகடு விற்கிறார்கள். லிவர் தாழ்ந்திருந்தால் பெட்ரோல் போதாது, உயர்ந்திருந்தால் நிரம்பி வழியும். உள்ளே இருக்கும் குட்டி வலையையும் எடுத்துக் கழுவ மறக்காதீர்கள். டயஃப்ரம் உள்ளே இருக்கும்போது கம்ப்ரசர் காற்று அடித்தால் கிட் வாங்கிய காசு போச்சு.

சிலிண்டரும் பிஸ்டனும்

கம்ப்ரஷன் 120 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால் குழாயோடு வேலை முடியாது. 150க்கு மேல் இருந்தால் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்றால்: பிஸ்டன் மேலுள்ள அம்பு சைலன்சர் பக்கம் நோக்கட்டும். ரிங்கின் வாய் பிஸ்டனில் உள்ள ஊசியின் மேல் பொருந்தட்டும். பிஸ்டன் பின் கிளிப்பின் வாய் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். மலிவுக் கிட்டில் வரும் கிளிப்பை நம்பாதீர்கள், கம்பெனிக் கிளிப்பைத் தனியாக வாங்கிப் போடுங்கள். ஒரு கிளிப் கழன்றால் புது சிலிண்டர் ஒரே நிமிடத்தில் போய்விடும். மலிவு சிலிண்டரில் துவார விளிம்புகள் கத்திபோல் இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மழுக்கிக் கழுவிய பிறகே பூட்டுங்கள்.

பூட்டிய பின், பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்

கார்புரேட்டரின் உள்வழி நிப்பிளில் 0.8 பார் அழுத்துங்கள். மீட்டர் ஊசி அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் ஊசி வால்விலோ பம்ப் டயஃப்ரத்திலோ கசிவு.

கிராங்க்கேஸுக்கு இரண்டு சோதனையும் தேவை. சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் தகடு வைத்து அடையுங்கள். 0.5 பார் அழுத்திப் பாருங்கள், பிறகு 0.5 பார் வெற்றிடம் ஏற்றுங்கள். வெற்றிடம் 20 விநாடியில் 0.3 பாருக்குக் கீழே போகாவிட்டால் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு) நன்றாக இருக்கிறது என்று ஸ்டில் பழுது கையேடு ஏற்கிறது. அழுத்தத்தில் தேறி வெற்றிடத்தில் தவறும் ஆயில் சீல்கள் உண்டு. அழுத்தம் சீலின் உதட்டைத் தண்டோடு சேர்த்து அமுக்கும், வெற்றிடம் அதைத் தூக்கும். ஆகையால் அழுத்தச் சோதனை மட்டும் செய்துவிட்டுத் திருப்திப்படுவது வீண்.

வாங்கும் இடமும் பெட்ரோலும்

ஜாலான் புசார் வட்டாரத்தின் ஹார்டுவேர் கடைகளில் மீட்டர் குழாய், ஃபில்டர், பிளக் கிடைக்கும். வார்த்த குழாய், வென்ட், இம்பல்ஸ் குழாய் ஆகியவற்றுக்குக் கம்பெனியின் விநியோகஸ்தரிடம் போவதே மேல். இணையத்தில் "25 பொருள் அடங்கிய கிட்" என்று வருவதில் உண்மையில் உதவுவது நான்கைந்துதான். விலையை ஒப்பிடும்போது 2023 தொடக்கத்திலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டு இணையப் பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தை நம்பி வாங்காமல் குழாயின் உள், வெளி விட்டத்தை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை.

பெட்ரோல் 95 போதும். புட்டியில் ஜாசோ எஃப்டி என்றும் 50:1 என்றும் போட்ட இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் என்றால் 1 லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100 மில்லி. 25:1 என்று போட்டிருந்தால் 5 லிட்டருக்கு 200 மில்லி. லாரி எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது வேண்டாம். கலந்த பெட்ரோலை 30 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இத்தனை ஆண்டு சாதாரண பெட்ரோலில் ஓடிய இயந்திரத்தை டின்னில் வரும் ஆல்கிலேட் பெட்ரோலுக்கு மாற்றுவதாக இருந்தால், குழாயும் சீல்களும் மாற்றும் இந்தச் சமயத்திலேயே மாற்றுங்கள். உப்பிப் பழகிய பழைய ரப்பர் அதில் சுருங்கிக் கசியத் தொடங்கும்.

முதல் ஓட்டம்

கார்புரேட்டரின் எச் (முழு வேகம்), எல் (மெது வேகம்) இரண்டு திருகையும் மெல்ல அடிவரை மூடி, ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள்; உங்கள் மாடலுக்குக் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள். ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாத வேகம்) நிமிடத்துக்கு 2,700 – 2,800 சுற்றில் நிற்கட்டும், சங்கிலி சுழலக் கூடாது. முழு வேகத்தில், சுமையில்லாமல், சத்தம் கொஞ்சம் "பர்ர்ர்" என்று கரகரக்க வேண்டும்; மரத்தில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு நின்று தெளிய வேண்டும். தெளிந்த கீச்சுக் குரல் காலி ஓட்டத்திலேயே வந்தால் பெட்ரோல் குறைவு. எச் திருகைக் கொஞ்சம் திறங்கள். திறந்தும் குரல் மாறாவிட்டால் திருகைத் திருகிக்கொண்டே இருக்காமல் நிறுத்திவிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

சோதனை வெட்டுக்கு விழுந்த கட்டை போதும். நிற்கும் மரத்தில் கை வைப்பதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: மரப் பாதுகாப்பு வட்டாரத்திலோ காலி நிலத்திலோ சுற்றளவு 1 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்டத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

மூன்று டேங்க் ஓடிய பிறகு ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கழுவியும் போகாமல் டேங்கின் மூலையில் ஒட்டியிருந்த பிசினும் துகளும் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும். கறுத்திருந்தால் இன்னொரு ஃபில்டர் போடுங்கள். அதனால்தான் முதலிலேயே இரண்டாக வாங்குவது நல்லது. குழாய் டேங்கைக் கடக்கும் கழுத்தையும் அப்போதே ஒரு காகிதத் துண்டால் துடைத்துப் பாருங்கள். காகிதம் ஈரமானால் குழாயின் வெளிவிட்டம் ஒரு அளவு சிறியது.